கோபுரத்துக்குச் சாயம் அடிக்கிறோம், அலமாரிக்கு அடிச்சா அவமானமா?



தீபாவளிக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கு. இப்பவே புலனத்துல பர்னிச்சர் விளம்பரம் வர ஆரம்பிச்சிட்டது. கட்டில், அலமாரி, கண்ணாடி மேசை எல்லாம் சேர்ந்த படுக்கையறை செட், முன்பணம் வேண்டாம், மாசம் இவ்வளவு கட்டினால் போதும் என்று போடுறாங்க. நம்ம அன்பர்களில் சிலர் இந்த ஏழு வாரத்துக்குள்ள அதுல கையெழுத்துப் போடப் போறீங்க. அதுக்கு முன்னால தொண்டூழியர் குழுவில் உள்ள நாங்க ஒரு விஷயம் சொல்லணும். பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

எங்க கருத்து இதுதான். வீட்டில் இருக்கிற பழைய மரச் சாமானையோ, இன்னொருத்தர் கொடுக்கிற பழைய சாமானையோ, ஒழுங்கா தேய்ச்சுச் சாயம் அடிச்சுப் பயன்படுத்துவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. கடன்ல புதுசு எடுக்கிறதைவிட அது எவ்வளவோ மேல். ஆனா செய்யுறதை முழுசா செய்யணும். அரைகுறையா அடிச்ச சாயம்தான் "பழசு" என்ற பேரையே கெடுக்குது.

இதை ஏன் ஆலயப் பக்கத்தில் எழுதுறோம்னு கேட்பீங்க. போன வருசம் தீபாவளிக்கு முன்னால் அரிசி, எண்ணெய், மளிகைப் பொட்டலம் கொடுக்க நாங்க பிளாட்டு வீடுகளுக்குப் போனோம். ஒரு வீட்டில் மூணு பிள்ளைங்க தரையில தோத்தோ விரிச்சுப் படுக்குறாங்க. பள்ளிச் சீருடை எல்லாம் கறுப்புப் பிளாஸ்டிக் பையில சுருட்டி வச்சிருக்கு. அதே பிளாட்டுக்குக் கீழே, குப்பைத் தொட்டி பக்கத்துல, கதவு மட்டும் கழன்ற ஒரு நல்ல மர அலமாரி மழையில நனைஞ்சுகிட்டு இருந்தது. ஏன் அதை மேலே கொண்டு போகலைன்னு அந்தம்மாவைக் கேட்டோம். "அக்கம்பக்கத்துல பார்த்தா என்ன நினைப்பாங்க"ன்னு சொன்னாங்க.

இன்னொரு வீட்டில் புத்தம் புது செட் இருந்தது. மெத்தை மேல பிளாஸ்டிக்கூட எடுக்கலை. ஆனா அந்த வீட்டுக்கார அண்ணன் எங்க மளிகைப் பொட்டலத்தை வாங்கும்போது தலை நிமிரவே இல்லை. நாலு மாசத் தவணை பாக்கின்னு பிறகுதான் தெரிஞ்சது. இரண்டு வீட்டையும் கெடுத்தது ஒரே விஷயம்தான், ஊர் என்ன சொல்லும் என்ற பயம்.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு செட் விலை 3,600 வெள்ளின்னு வச்சுக்குவோம். மாசம் 135 வெள்ளி, 36 மாசம். மொத்தம் கட்டுறது 4,860 வெள்ளி. கூடுதலா போறது மட்டும் 1,260 வெள்ளி. விளம்பரத்துல பெரிய எழுத்துல இருக்கிறது அந்த 135 மட்டும்தான். கையெழுத்துப் போடும் முன்னால் அதை மாசத்தால பெருக்கிப் பாருங்க. தவணை முடியும் வரைக்கும் அந்தக் கட்டில் தாங்குமான்னும் பாருங்க. விலை குறைஞ்ச செட்டு நிறைய சிப்போர்டுல செய்றது. மரத்தூளையும் சில்லுகளையும் பசை போட்டு அழுத்தி, மேல மர நிறத்துல தாள் ஒட்டியிருப்பாங்க. தண்ணி பட்டா ரொட்டி மாதிரி உப்பிடும். ஒருதடவை கழட்டி மாட்டினா ஸ்குரு பிடிக்காது. வீடு மாறுற குடும்பத்துக்கு இது சரிப்பட்டு வராது.

நாங்க தொழிற்சாலையில வேலை செய்யுறவங்க. அங்கே ஒரு பொருள் சோதனையில தவறினா நேரா ஸ்கிராப்புக்கு அனுப்ப மாட்டோம். முதல்ல கேட்கிறது, ரீவொர்க் பண்ண முடியுமா? மேல கீறலா, உள்ளேயே உடைசலா? மேல கீறல்னா திரும்ப வேலை பார்த்து அனுப்புவோம். தொழிற்சாலையில இவ்வளவு யோசிக்கிற நாம, வீட்டில் மட்டும் கீறல் விழுந்தவுடனே தூக்கிப் போடுறோம்.

"பழசு வீட்டுக்கு ஆகாது" என்று சொல்ற அன்பர்களுக்கு ஒரு கேள்வி. நம்ம ஆலயத்துல பழசு இல்லாதது எது? பன்னிரண்டு வருசத்துக்கு ஒருமுறை திருப்பணி செய்யுறோம். பாலாலயம் செய்து, கோபுரத்துச் சுதைச் சிற்பத்துல உடைஞ்சதை ஒட்டி, வெடிப்பை அடைச்சு, பழைய சாயத்தைச் சுரண்டி, புதுச் சாயம் அடிச்சு, கும்பாபிஷேகம் செய்யுறோம். கோபுரம் நிறம் மங்கிப் போச்சுன்னு இடிச்சுத் தள்ளுறோமா? மயில் வாகனம், குதிரை வாகனம் எல்லாம் மரம்தான். திருவிழாவுக்கு முன்னால் தேய்ச்சு வண்ணம் தீட்டி அலங்காரம் பண்ணி, அதுமேலதான் சாமியை எழுந்தருளச் செய்யுறோம். "போன வருச வாகனம், எனக்கு வேண்டாம்"னு சாமி சொல்லலையே.

2018இல் பத்துமலையில் கும்பாபிஷேகத்துக்கு முன்னால் 272 படிக்கும் வண்ணச் சாயம் அடிச்சாங்க. படி அதே பழைய படிதான். சாயம்தான் புதுசு. அதைப் படம் எடுக்க எங்கிருந்தெல்லாமோ வர்றாங்க. அங்கே போய் குடும்பத்தோட நின்னு படம் எடுத்த நாம, சாயம் அடிச்ச அலமாரி வீட்டில் இருந்தா வெட்கப்படுறது என்ன நியாயம்?

கட்டில் விஷயத்துல இன்னொரு தயக்கம் இருக்கு. யார் படுத்ததோ, யார் இறந்ததோ என்ற பயம். நாங்க அதைக் கிண்டல் பண்ண மாட்டோம், பெரியவங்க மனசுல இருக்கிற விஷயம். ஆனா ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுக்கும்போது நமக்கு முன்னால யார் படுத்ததுன்னு கேட்கிறோமா? மரத்தைத் தேய்க்கும்போது மேல்பூச்சும் அழுக்கும் போயிடுது. அப்படியும் சங்கடமா இருந்தா மஞ்சள் தண்ணி தெளிச்சு, சாம்பிராணி போட்டு, ஒரு நல்ல நாள் பார்த்து அறைக்குள்ள கொண்டு போங்க. மனசு அடங்கிடும்.

ரப்பர் மரச் சாமானைப் பத்தித் தனியா ஒண்ணு சொல்லணும். நம்ம பாட்டன் பாட்டி தோட்டத்துல பால் வெட்டின அதே மரம்தான். இருபத்தஞ்சு முப்பது வருசம் பால் கொடுத்து ஓய்ஞ்ச பிறகு மறுநடவுக்காக வெட்டுவாங்க. ஒரு காலத்துல அதை விறகாத்தான் எரிச்சாங்க. பிறகு பதப்படுத்தக் கத்துக்கிட்டு மேசை, நாற்காலி, கட்டில்னு செய்ய ஆரம்பிச்சாங்க. இன்னிக்கு ஜொகூர் மூவார் பக்கம் அது பெரிய தொழில், வெளிநாட்டுக்குக் கப்பல் ஏறுது. வெளிர் நிறம், நெருக்கமான மரம், சாயத்தை நல்லா பிடிக்கும். பழைய கட்டில் கால்ல சாயம் உரிஞ்சு அந்த வெளிர் மரம் தெரிஞ்சா தூக்கிப் போடாதீங்க. நம்ம முன்னோர் கை பட்ட மரமாகூட இருக்கலாம்.

இனி வேலை. எங்க குழு ஆலயத்துக்குப் பின்னால் இருக்கிற கொட்டகையில ஞாயிற்றுக்கிழமை பூசை முடிஞ்சு செய்யுற முறையைச் சொல்றோம். வீட்டிலும் செய்யலாம்.

முதல்ல எதை எடுக்கலாம், எதை விடணும். அலமாரியை அசைச்சுப் பாருங்க. ஆடினா பரவாயில்லை, பசையும் ஸ்குருவும் போட்டா நிக்கும். அடியில சன்னமா மாவு மாதிரி தூள் கொட்டியிருந்தா வண்டு உள்ளே இருக்கு, வேண்டாம். கட்டையைத் தட்டினா பொத்தல் சத்தம் வந்தா கரையான். கட்டில் மூட்டுகளிலயும் ஸ்குரு ஓட்டையிலயும் கைவிளக்கு அடிச்சுப் பாருங்க. கறுப்புப் புள்ளி இருந்தா மூட்டைப்பூச்சி, வீட்டுக்குள்ளேயே கொண்டு வராதீங்க. பழைய மெத்தையை யார் கொடுத்தாலும் வாங்காதீங்க. அது ஒண்ணை மட்டும் புதுசா வாங்குங்க. சிப்போர்டு உப்பியிருந்தா சாயம் அடிச்சுப் பிரயோசனம் இல்லை.

ரொம்பப் பழைய சாமான்ல அடுக்கடுக்கா எண்ணெய்ச் சாயம் இருந்தா ஜாக்கிரதை. அந்தக் காலத்துச் சாயத்துல ஈயம் கலந்திருக்கலாம். உலர்ந்த தேய்ப்பு தேய்ச்சா தூள் மூச்சுல போகும், பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கெடுதல். அந்த மாதிரி சாமானைக் குழந்தைக்குப் பயன்படுத்தவே வேண்டாம். மற்ற சாமானைத் தேய்க்கும்போதும் முகக்கவசம் போட்டு, வெளியில வச்சுத் தேய்ங்க.

தேக்கு மாதிரி நல்ல மரமா இருந்து மர ரேகை அழகா இருந்தா, தயவுசெய்து அதை வெள்ளைச் சாயத்துல மூடாதீங்க. தேய்ச்சு நிறமில்லாத வார்னிஷ் அடிச்சாலே போதும்.

அடுத்தது, கழட்டுறது. பிடி, கீல், இழுப்பறை எல்லாத்தையும் கழட்டுங்க. எது எந்தப் பக்கம்னு டேப் ஒட்டி எண் எழுதுங்க. ஸ்குருவை ஒரு டப்பால போடுங்க. பலபேர் பிடியைக் கழட்டாம சுத்தி அடிச்சிடுறாங்க. முதல் பார்வையிலேயே அது தெரிஞ்சிடும்.

பிறகு கழுவுறது. பாத்திரம் கழுவுற சவர்க்காரம் கொஞ்சம், வெதுவெதுப்பான தண்ணி, பிழிஞ்ச துணி. பிடியைச் சுத்தியும் கதவு ஓரத்துலயும் கை எண்ணெய் படிஞ்சிருக்கும். தலைமாட்டுக் கட்டையில தேங்காய் எண்ணெய் ஊறியிருக்கும். அதை எடுக்காம அடிச்சா அந்த இடத்துல மட்டும் சாயம் உரியும். கழுவினதுக்குப் பிறகு ஒரு நாள் காய விடுங்க.

ஓட்டை, பிளவு இருந்தா மரப் புட்டி வச்சு அடைச்சு, காய்ஞ்ச பிறகு தேய்ங்க. சேண்ட் பேப்பர் பின்னால எண் போட்டிருக்கும். எண் சின்னதா இருந்தா தாள் சொரசொரப்பு. முதல்ல 120, பிறகு 180, கடைசியா 240. மரத்தோட ரேகை ஓடுற பக்கமே தேய்க்கணும், குறுக்கே தேய்ச்சா கீறல் சாயத்துக்கு மேலயும் தெரியும். பழைய வார்னிஷ் முழுக்கப் போகணும்னு இல்லை. பளபளப்பு மங்கினா போதும், சாயம் பிடிக்க இடம் கிடைச்சிடும். பிறகு தூளை ஈரத்துணியால துடைங்க.

அடிப்பூச்சு கட்டாயம். "ரெண்டு தடவை மேல் சாயம் அடிச்சா அடிப்பூச்சு வேண்டாம்"னு சொல்றவங்க பேச்சைக் கேட்காதீங்க. வழவழன்னு தாள் ஒட்டின பலகைக்கு, ஒட்டிப் பிடிக்கிற அடிப்பூச்சுன்னு தனியா கேட்டு வாங்குங்க. மெர்பாவ் மாதிரி கருஞ்சிவப்பு மரமா இருந்தா கறை மறைக்கிற அடிப்பூச்சு வாங்குங்க. இல்லேன்னா மரத்துச் சாறு ஊறி வந்து, வெள்ளைச் சாயத்துல மஞ்சளும் பழுப்புமா தெரியும்.

மேல் சாயம் நீர் கலந்த வகை நல்லது. பிளாட்டுல ஜன்னல் சின்னது, குழந்தை இருக்கும், வாடை தாங்காது. எண்ணெய்ச் சாயம் மலிவு, உறுதியும் இருக்கு, ஆனா வாடை நாள்கணக்கா இருக்கும். வெள்ளை எண்ணெய்ச் சாயம் வெளிச்சம் இல்லாத அறையில நாளாக நாளாக மஞ்சளாயிடும். எந்த வகையா இருந்தாலும் மெல்லிசா ரெண்டு தடவை அடிங்க. கெட்டியா ஒரே தடவை அடிச்சா வழிஞ்சு கண்ணீர் மாதிரி நிக்கும். பெரிய பலகைக்குச் சின்ன ஸ்பாஞ்ச் ரோலர், மூலைக்குப் பிரஷ். ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் நடுவுல டின்ல எழுதியிருக்கிற நேரம் விடுங்க, மழை நாள்னா அதைவிடக் கூட விடுங்க. நடுவுல 320 தாளால லேசா தடவினா கை வச்சா வழுக்கும். அலமாரிக்கு உள்ளே சாயம் வேண்டாம், துணியில வாடை ஏறும். துடைச்சு வச்சா போதும்.

கடைசியா, பொறுமை. தொட்டா ஒட்டலைன்னா காய்ஞ்சிடுச்சுன்னு அர்த்தம் இல்லை. உள்ளே முழுசா இறுக ரெண்டு மூணு வாரம் ஆகும். அதுவரைக்கும் கதவை அழுத்தி மூடாதீங்க, மேல பெட்டி வைக்காதீங்க. அதனாலதான் ஏழு வாரத்துக்கு முன்னாலேயே எழுதுறோம். தீபாவளிக்கு முதல் நாள் அடிச்சா பலகாரத் தட்டு சாயத்துல ஒட்டிக்கும்.

குளியலறைச் சுவரை ஒட்டி அலமாரியை வைக்காதீங்க, சுவர் ஈரம் பின்பலகையைக் கெடுக்கும். பிள்ளைங்க இழுப்பறையில ஏறி அலமாரி சாயாம இருக்க, சுவரோட சேர்த்து ஒரு இரும்புப் பட்டை போட்டு முடுக்குங்க.

செலவு எவ்வளவு? ரெண்டு கதவு அலமாரிக்கு எங்க ஊர் ஹார்ட்வேர் கடையில நாங்க கொடுத்தது: அடிப்பூச்சு ஒரு லிட்டர் 35 வெள்ளி, மேல் சாயம் ஒரு லிட்டர் 48, சேண்ட் பேப்பர் 16, புட்டி 9, பிரஷும் ரோலரும் 15, புதுப் பிடி ஆறு 18. மொத்தம் 141 வெள்ளி. வெளிப்பக்கம் ரெண்டு தடவை அடிக்க அந்த ஒரு லிட்டர் போதும். விளம்பரத்துல வந்த ஒரு மாசத் தவணைக்கும் இதுக்கும் ஆறு வெள்ளிதான் வித்தியாசம். அங்கே இன்னும் 35 மாசம் பாக்கி இருக்கும். இங்கே வேலை முடிஞ்சுது.

நேரம் இல்லைன்னு சொல்றது நியாயம்தான். 12 மணி நேர ஷிப்ட் முடிஞ்சு வந்து யாருக்குக் கை தூக்க முடியும்? ஆனா ரெண்டு ஞாயிற்றுக்கிழமை போதும். ஒருநாள் கழுவித் தேய்க்க, இன்னொரு நாள் அடிக்க. பிள்ளைகளைக் கூடவே வச்சுக்குங்க. படிவம் நான்கு படிக்கிற பையன் தன் கையால் சாயம் அடிச்ச மேசையில, அடுத்த நாள் கத்தியால பேர் செதுக்க மாட்டான்.

இப்போ சாமான் கொடுக்கிற அன்பர்களுக்கு. கோபப்படாதீங்க, உள்ளதைச் சொல்றோம். தானம் வேற, வீட்டைக் காலி பண்றது வேற. போன வருசம் ஆலய வாசல்ல ராத்திரியோட ராத்திரியா சிலர் இறக்கிட்டுப் போன சாமான்ல பாதியை நாங்களே லோரி பிடிச்சுக் குப்பைக்கு அனுப்பினோம். மூணு கால் கட்டில், மூட்டைப்பூச்சி மெத்தை, கண்ணாடி உடைஞ்ச மேசை. அந்த லோரிக் காசுல ரெண்டு அலமாரிக்குச் சாயம் வாங்கியிருக்கலாம். சாமிக்கு வைக்கிற பழத்துல அழுகினது இருக்கான்னு புரட்டிப் பார்த்துத்தானே வைக்கிறோம்? ஏழை வீட்டுக்குக் கொடுக்கிறதையும் அப்படிப் பாருங்க. உங்க மகள் அந்தக் கட்டில்ல படுப்பாளான்னு கேட்டுப் பாருங்க. படுப்பாள்னா கொண்டு வாங்க. நாலு பக்கமும் படம் எடுத்து முதல்ல எங்களுக்கு அனுப்புங்க, பார்த்துட்டுச் சொல்றோம்.

"கோயில் கோயில் வேலையைப் பார்க்கட்டும், தச்சு வேலை எதுக்கு?"ன்னு ஒருசில பெரியவங்க கேட்டாங்க. அவங்க மேல எங்களுக்கு மரியாதை உண்டு. அன்னதானம் கோயில் வேலைன்னா, சாப்பிட்ட பிள்ளை எங்கே போய்ப் படுக்குதுன்னு பார்க்கிறதும் கோயில் வேலைதான். உண்டியல் காசுல ஒரு காசுகூட இதுக்கு எடுக்கலை. சாயம் உபயம், உழைப்பு எங்களுடையது. போன வருசம் பதினொரு சாமான் முடிச்சுக் கொடுத்தோம். கொண்டு போய்ச் சேர்த்த எந்த வீட்டிலும் "பழசு"ங்கிற பேச்சு வரலை. வாங்கினவங்களே நிறத்தைத் தேர்ந்தெடுத்தாங்க. அது முக்கியம்னு நினைக்கிறோம். நாம அடிச்சதை அவங்க தலையில கட்டினா அது பிச்சை. அவங்க கேட்ட நிறத்துல அடிச்சுக் கொடுத்தா அது அவங்க வீட்டுச் சாமான்.

வசதி இருக்கு, ரொக்கமா புதுசு வாங்குறேன்னு சொல்றவங்க தாராளமா வாங்குங்க, கடைக்காரரும் பிழைக்கணும். தீபாவளிக்குப் புதுத்துணி நம்ம வழக்கம், அதையும் யாரும் குறைக்க வேண்டாம். ஆனா புதுக் கட்டில் இல்லைன்னா தீபாவளி இல்லைன்னு எந்தப் பெரியவரும் நமக்குச் சொல்லிக் கொடுக்கலை. அதைச் சொல்லிக் கொடுத்தது விளம்பரம்.

வர்ற ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை, பசியாறல் முடிஞ்சு கொட்டகையில வேலை தொடங்கும். வேலை தெரியாதவங்களும் வரலாம், சேண்ட் பேப்பர் பிடிக்கத் தெரிஞ்சா போதும். மிச்சமான சாயம் வீட்டில் டின்னோட காஞ்சுகிட்டு இருந்தா கொண்டு வாங்க. கட்டிலோ அலமாரியோ தேவைப்படுற குடும்பம் தெரிஞ்சா எங்க குழுவில் யாரிடமாவது தனியா சொல்லுங்க, பொதுவில பேர் போட வேண்டாம்.

அம்மன் அருள் எல்லார் வீட்டிலும் நிறையட்டும்.